கவ்வாத்து மலையில் யாரும் குடிக்காத தண்ணீர்

நுவரெலியாப் பக்கம் வெயிலா என்று கேட்டுச் சிரிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கொழும்பிலிருந்து ஸ்வெட்டரும் மப்ளருமாக வந்து, குதிரைப் பந்தயம் பார்த்து, ஏரிக்கரையில் நின்று கையைத் தேய்த்துக்கொண்டு, இரண்டாம் நாள் பஸ் ஏறிப் போகிறவர்கள். அவர்களுக்கு இது குளிர் தேசம். மாசி மாதத்தில் ராகலைக்கு மேலே ஒரு மலையில், காலை ஆறு மணிக்குப் புல்லில் பனி உறைந்து கிடக்கும்போது பல் கிடுகிடுக்க ஏறி, பதினொரு மணிக்கு அதே மலையில் கழுத்துத் தோல் கொப்பளிக்க நின்றவர்களிடம் அவர்கள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால், "மலையிலதான் நல்ல காத்து இருக்குமே" என்று சொல்லியிருப்பார்கள். காற்று இருக்கும். அதுதான் மோசம். வியர்வை வந்த உடனேயே காற்று அதைத் துடைத்துக்கொண்டு போய்விடும். உடம்பு வற்றுவது உடம்புக்கே தெரியாது.

நான் பயந்தவள். அம்மா செத்த வருஷம் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். படிப்பு நின்றதே தவிர யோசனை நிற்கவில்லை. உருப்படியான எதிலும் இறங்க வழியில்லாமல் அது பயத்தில் இறங்கிவிட்டது. அட்டை கடித்தால் இரத்தம் நிற்காமல் போய்விடுமோ என்று பயம். காற்றடித்தால் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக் கூரைத் தகரம் பறந்து யார் கழுத்திலாவது விழுமோ என்று பயம். இறம்பொடை வளைவில் பஸ் கவிழ்ந்துவிடுமோ என்று, அந்தப் பஸ்ஸில் ஒரு நாளும் ஏறாமலேயே பயந்திருக்கிறேன். ஆனால் நான் எழுதப்போகிற அந்த வருஷத்தில் எனக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. அது மதினி.

மதினி என் அண்ணன் பெண்சாதி. என்னைவிட நான்கு வயது மூத்தவள். அந்த மாசியில் ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். அதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. இரண்டாவது, ஆறாம் மாதம் வரை இருந்துவிட்டு, கொழுந்து மலையில் தேயிலை நிரைக்கு நடுவிலேயே கலைந்துபோனது. அன்றைக்கு அவளைத் தாங்கி லயத்துக்குக் கொண்டுவந்தவர்களில் நானும் ஒருத்தி. அதனால் இந்தத் தடவை அவள் இருமினால்கூடத் திரும்பிப் பார்ப்பேன்.

"என்ன புள்ள, என் முதுகுலயே கண்ண ஒட்டி வச்சிருக்க?" என்பாள். "ஒங்க அண்ணன்கூட இப்பிடிப் பாத்ததில்ல."

வீட்டில் இருக்கச் சொல்ல முடியாது. பிரஜாவுரிமைக்கு மனுப் போட்ட காலம் அது. தோட்டத்துப் புத்தகத்தில் பேர் விட்டுப்போகாமல் இருந்தால்தான் இந்த நாட்டுக்காரர் என்று எழுதுவார்கள், விட்டுப்போனால் இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ அண்ணனிடம் சொல்லியிருந்தார்கள். சொன்னவனுக்கும் ஒன்றும் தெரியாது, கேட்டவனுக்கும் ஒன்றும் தெரியாது. ஆனாலும் அண்ணன் நம்பினான். பெண்சாதி ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த ஒரு நாள் அவள் இலங்கையில் இல்லை என்று எழுதிவிடுவார்கள் என்பது அவன் எண்ணம். வயிற்றில் இருப்பது எந்த நாட்டில் இருக்கிறது என்று அவன் யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்த வருஷம் வெயில் காய்ச்சல் கடுமை. மழை இல்லாமல் கொழுந்து வரவில்லை. கொழுந்து எடுக்கிற பெண்கள் நாற்பது பேரையும் கவ்வாத்து மலைக்கு அனுப்பினார்கள். கவ்வாத்து என்றால் தேயிலையைக் கத்தியால் முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுவது. வெட்டிய மலையில் ஒரு பச்சை இலை இருக்காது. அதோடு நிழல் மரங்களின் கிளைகளையும் கழித்து விட்டிருந்தார்கள். மலை முழுவதும் மொட்டைக் கட்டைகள். அந்தக் கட்டைகளில் படிந்த பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுப்பது பெண்களுக்கு வைத்த வேலை. குனிந்தே நிற்க வேண்டும். முகம் கட்டையைப் பார்க்கும், பிடரி சூரியனைப் பார்க்கும்.

இனி எழுதுவதை எங்கள் பெண்கள் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. பேசியிருந்தால் இதை நான் எழுத வேண்டியே இருந்திருக்காது.

கொழுந்து மலையில் தேயிலை இடுப்பளவு இருக்கும். இரண்டு நிரைக்கு நடுவில் உட்கார்ந்து எழுந்தால் யாருக்கும் தெரியாது. கவ்வாத்து மலையில் ஒரு கோழி உட்கார்ந்தால்கூட அடுத்த மலைக்குத் தெரியும். மேலே கங்காணி நிற்கிறார். எதிர் மலையில் ரோட்டு. லாரிக்காரர்கள் வளைவில் நிறுத்தி பீடி பற்றவைப்பார்கள். லயம் இரண்டு மைல் கீழே. அதனால் கவ்வாத்து மலை என்றால் பெண்கள் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகுமுன் அரை மடக்குத் தேயிலைச் சாயத்தண்ணி. அதன் பிறகு சாயந்தரம் நாலரை மணி வரைக்கும் ஒன்றும் கிடையாது. மத்தியானம் ரொட்டியைத் தேங்காய்ச் சம்பலில் தொட்டு, உலர்ந்த தொண்டையில் தள்ளிவிடுவோம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவுமில்லை. சிலருக்கு அதில் பெருமைகூட இருந்தது.

"நானெல்லாம் காலையில அடைச்சா சாயந்தரம்தான் தெறப்பேன்" என்பாள் கடைசி லயத்து அக்கா. முப்பது வருஷம் அதே தோட்டத்தில் வேலை செய்தவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள். "வெள்ளக்காரன் பூட்டுகூட இவ்வளவு கெட்டி இருக்காது புள்ள."

சிரிப்போம். சிரித்தால் உதடு வெடித்து இரத்தம் வரும். பிறகு சிரிப்பதையும் குறைத்துக்கொண்டோம்.

அந்த மலையில் நிழல் என்று ஒன்று இருந்தது. அது கங்காணியின் குடைக்குக் கீழே இருந்தது. கறுப்புக் கோட்டு, கறுப்புக் குடை, கழுத்தில் விசில். காலையிலிருந்து சாயந்தரம் வரை ஒரே பாறைமேல் நின்று, "கையப் போடு, கையப் போடு" என்று கத்துவதுதான் அவர் வேலை. அந்த வேலைக்கு மலையிலேயே நல்ல பாறையைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்.

முதலில் விழுந்தது புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண். கட்டையைப் பிடித்தபடியே சாய்ந்துவிட்டாள்.

"எந்திரி புள்ள! பகல்லயே தூக்கமா?" என்றார் கங்காணி பாறையிலிருந்து.

"மயக்கம் கங்காணி" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"மயக்கமா? எங்க பாட்டன் காலத்துல பொம்பளைங்க காலையில புள்ள பெத்துட்டு மத்தியானம் கொழுந்துக்கு வந்தாங்க. ஒங்களுக்கெல்லாம் சீமை ஒடம்பு."

"அப்ப ஒங்க பாட்டன் எங்கிட்டு நின்னாரு கங்காணி?" என்றாள் கடைசி லயத்து அக்கா. "கொடைக்குள்ளயா?"

அன்றைக்கு அவள் பேரில் அரைநாள் கூலியை வெட்டினார். விழுந்தவளை வெட்டவில்லை, பேசியவளை வெட்டினார். அவருக்கு எது ஆபத்து என்பதில் தெளிவு இருந்தது.

விழுந்த செய்தி மருந்தையாவுக்குப் போயிற்று. தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அவர்தான் எல்லாம். மறுநாள் பெரட்டுக்கே வந்துவிட்டார். வெள்ளைக் கால்சட்டை, கையில் ஒரு தகரக் கோப்பை. நாற்பது பெண்களையும் நிற்க வைத்துக் கோப்பையைத் தூக்கிக் காட்டினார்.

"இது என்ன?"

"கோப்பைங்க ஐயா."

"உள்ளுக்க என்ன இருக்கு?"

"தண்ணிங்க ஐயா."

"இத என்ன செய்யணும்?"

ஏதோ பெரிய பதிலாக இருக்கும் என்று நினைத்தோம்.

"குடிக்கணும்!" என்று சொல்லி, அண்ணாந்து குடித்தும் காட்டினார். தொண்டை ஏறி இறங்குவதை நாற்பது பேரும் நின்று பார்த்தோம். "மணிக்கு ஒரு கோப்பை. ரொட்டியில உப்புக் கொஞ்சம் கூடப் போட்டுக்குங்க. வேர்வையில உப்பும் போகுது. வெளங்குச்சா?"

"வெளங்குச்சுங்க ஐயா."

அவர் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல். மணிக்கு ஒரு கோப்பை குடித்தால் அதன் பிறகு எங்கே போவது என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. அவருடைய டிஸ்பென்சரிக்குப் பின்னால் ஒரு கக்கூஸ் இருந்தது. அதற்குக் கதவு இருந்தது. கதவுக்கு உள்பக்கம் கொக்கியும் இருந்தது. கொக்கி உள்ளவர்களுக்குச் சில விஷயங்கள் தோன்றாது.

அவர் பேச்சுக்குப் பலனாக ஸ்டோரிலிருந்து ஒரு பழைய தார்ப் பீப்பாய் வந்தது. ஆம்பிளைகள் இரண்டு பேர் ஓடைப் பீலியில் தண்ணீர் பிடித்துத் தகரத்தில் சுமந்து அதை நிரப்பினார்கள். பீப்பாயை எங்கே வைப்பது? கங்காணியின் பாறைக்குப் பக்கத்தில்தான் வைத்தார்கள். குடிக்கப் போகிறவள் நாற்பது பேர் பார்க்க மேலே ஏறி, கங்காணி முகத்துக்கு நேரே குடித்துவிட்டு, அடுத்த ஒரு மணி நேரத்தில் அவள் என்ன பாடுபடப்போகிறாள் என்று எல்லோரும் பார்க்கும்படி திரும்பி வர வேண்டும். ஒருத்தியும் போகவில்லை. சாயந்தரம் விசில் ஊதியதும் கங்காணி செருப்பைக் கழற்றி, அந்தத் தண்ணீரை மொண்டு கால் கழுவிக்கொண்டு இறங்குவார். ஐந்து நாள் அப்படித்தான் நடந்தது. நாற்பது பேர் தாகம் கங்காணியின் கால்விரல் இடுக்கில் போயிற்று.

ஆறாம் நாள் சின்னதுரை மோட்டார் சைக்கிளில் வந்தார். சீமையிலிருந்து வந்து நான்கு மாதம்கூட ஆகாத பிள்ளை. மூக்கும் பிடரியும் தோலுரிந்து, வேகவைத்த கிழங்கு மாதிரி இருப்பார். தமிழ் பேசுவார். ஏதோ சின்னப் புத்தகத்தைப் பார்த்துப் படித்த தமிழ். வா, போ, எடு, கழட்டு, வெட்டு எல்லாம் தெரியும். கேள்வி கேட்கிற பக்கம் மட்டும் அந்தப் புத்தகத்தில் கிழிந்திருக்க வேண்டும்.

நாங்கள் தலையிலிருந்து முதுகு வரைக்கும் கம்பளியை மடித்துப் போட்டிருந்தோம். காலைக் குளிருக்குப் போட்டது. வெயில் ஏறியதும் பிடரியைக் காப்பதும் அதுதான். அவருக்கு அதைப் பார்த்ததும் நோயின் காரணம் பிடிபட்டுவிட்டது.

"கம்பிளி! சூடு! ஆட்டு மயிர்! நீ பைத்தியம்! கழட்டு!"

கங்காணி அதை எங்களுக்குத் தமிழில் சொன்னார், அது முதலிலேயே தமிழாக இருந்தபோதும். "தொரை சொல்றது கேக்குதா? நாளையிலருந்து கம்பிளி எல்லாம் கீழ தோட்டத்து ரோட்டோரத்துல வச்சிட்டு ஏறணும். போட்டுக்கிட்டு வந்தா பேர் கெடையாது."

வெயிலில் தலைமேல் ஒன்றும் போடக்கூடாது என்று, தலையில் கெட்டித் தொப்பியோடு, தொப்பிக்குள்ளே ஈரத்துணி மடித்து வைத்துக்கொண்டு சொன்ன மனிதரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. அந்தத் தொப்பி வெயிலைத் தடுத்ததோ இல்லையோ, யோசனை எதையும் உள்ளே விடவில்லை.

சேலைத் தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு நின்றோம். தலைப்பு நைந்த துணி. வெயில் அதில் புகுந்து வரும். முதல் நாளே பிடரி சிவந்தது. இரண்டாம் நாள் கொப்பளம். இரவு மல்லாந்து படுக்க முடியாது. மதினிக்கு வயிற்றினால் குப்புறப் படுக்கவும் முடியாது. ஒருக்களித்துப் படுத்தபடி பேசாமல் கிடந்தாள். அவள் பேசாமல் கிடப்பது எனக்கு ஆகாது.

மூன்றாம் நாள் காலையில் அவள் கண்ணுக்குக் கீழே குழி விழுந்திருந்தது. நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள். மலையில் ஏறியதும் அவள் பக்கத்து நிரையைப் பிடித்துக்கொண்டேன்.

"மதினி, போயி ஒரு மடக்குக் குடிச்சிட்டு வாங்க. வயித்துல புள்ள."

"குடிச்சிட்டு?"

நான் மேலே பாறைப் பக்கம் பார்த்தேன்.

"பின்னாடி என்ன செய்யிறது? நீ போயி கங்காணி கண்ணக் கட்டுறியா? லாரிக்காரன் கண்ண யாரு கட்டுறது?" என்றாள். "சும்மா தேயி புள்ள. சாயந்தரம் ஒரு குடம் குடிக்கிறேன்."

பதினொரு மணிவாக்கில் பார்த்தேன். எல்லோருக்கும் நெற்றியில் கொஞ்சமாவது ஈரம் இருந்தது. அவள் முகம் காய்ந்துபோன சட்டி மாதிரி இருந்தது, ஒரு சொட்டு இல்லை. பிறகு என்னைப் பார்த்து, "கொழுந்து நிறுக்க வந்துட்டாங்களா? என் கூடைய எங்க வச்ச?" என்று கேட்டாள். அந்த மலையில் கொழுந்தும் இல்லை, கூடையும் இல்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், இரண்டு கட்டை தேய்க்கிற நேரம் நான் தேய்த்துக்கொண்டுதான் நின்றேன். கங்காணி என்ன சொல்வாரோ என்று. மற்றவர்களைப் பற்றி இவ்வளவு எழுதுகிறவள் இதையும் எழுத வேண்டும். வருஷமெல்லாம் வராத ஆபத்துக்கெல்லாம் நடுங்கிவிட்டு, வந்த ஆபத்துக்கு முன்னால் தேங்காய் நாரைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணின் மீது எனக்கு இன்றுவரை மரியாதை கிடையாது.

மதினி உட்கார்ந்தாள். பிறகு வயிற்றைப் பிடித்தபடி பக்கவாட்டில் சாய்ந்தாள்.

"யாரும் நிரைய விட்டு நகரப்படாது!" என்று கங்காணி கத்தினார். "ஆள் அனுப்புவோம். அவ அவ வேலையப் பாரு!"

கடைசி லயத்து அக்கா நகர்ந்தாள். பாறைக்கு ஏறி, தகரத்தில் தண்ணீர் மொண்டு கொண்டுவந்து மதினியின் தலையிலும் மார்பிலும் கழுத்திலும் ஊற்றினாள். இரண்டாம் தடவை மொள்ளும்போது கங்காணிக்குப் பொறுக்கவில்லை.

"ஏய், அது குடிக்கிற தண்ணிடீ!"

"ஒங்க காலு குடிக்கிற தண்ணிதானே கங்காணி. இன்னைக்கு ஒரு நா தவிச்சிக்கிட்டுக் கெடக்கட்டும்."

ரோட்டோரத்தில் குவித்துவைத்த கம்பளிகளில் இரண்டை ஓடிப்போய் எடுத்து வந்து, அதில் மதினியைப் போட்டு நான்கு பேர் தூக்கினோம். தடை செய்த கம்பளி தூக்குவதற்கு உதவியது. அதை யாரும் கழட்டு என்று சொல்லவில்லை.

டிஸ்பென்சரியில் ஈரத்துணி சுற்றி, கரண்டி கரண்டியாக உப்புத் தண்ணீர் கொடுத்தார் மருந்தையா. வயிற்றில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். அண்ணனும் வந்துவிட்டான். நான் சுவரோடு சுவராக நின்றேன்.

"துடிப்பு இருக்கு" என்றார். "இன்னொரு தடவ இப்பிடி ஆச்சுன்னா இந்தப் புள்ளையும் நிக்காது. அவளுக்கும் சொல்லேலாது. நான் பொறுப்பில்ல. தண்ணி குடிச்சாளா?"

அண்ணன் என்னைப் பார்த்தான்.

"இல்லைங்க ஐயா" என்றேன்.

"ஏன்?"

இரண்டு ஆம்பிளைகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காரணம் தொண்டைவரை வந்தது.

"தாகம் இல்லைன்னாங்க ஐயா."

மருந்தையா அண்ணனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "பாத்தீங்களா? ஒங்க சனத்துக்குத் தாகம் எடுக்கக்கூட நாங்கதான் சொல்லிக் குடுக்கணும்." ஏதோ கண்டுபிடித்துவிட்டவர் மாதிரி சொன்னார். நான் கொடுத்த பொய்யைத்தான் அவர் கண்டுபிடித்திருந்தார்.

வெளியே வந்ததும் அண்ணன் முனி கோயில் இருந்த பக்கம் பார்த்துக் கும்பிட்டு, பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் ஒரு சேவல் அறுப்பதாக நேர்ந்துகொண்டான். பிறகு என்னிடம், "நாளைக்கு ஒரு நாள் இருக்கட்டும். மறுநாள் அவ மலைக்குப் போயிரணும். புஸ்தகத்துல பேர் விடப்படாது" என்றான். மனைவிக்கும் பிள்ளைக்கும் செய்ய வேண்டியதை அவன் அத்தோடு செய்து முடித்துவிட்டான்.

ஆக எனக்கு ஒரே ஒரு நாள் இருந்தது.

மறுநாள் ரோட்டோரத்தில் எல்லோரும் கம்பளியை வைத்தார்கள். நான் வைக்கவில்லை. படங்குச் சாக்கை இடுப்பில் கட்டுகிற சாக்கில், மடித்து அதற்குள் செருகிக்கொண்டேன்.

"என்ன புள்ள, தொரை பாத்தான்னா?" என்றாள் கடைசி லயத்து அக்கா.

"பாக்கட்டும்க்கா. நீங்களும் எடுங்க. இன்னும் ரெண்டு பேரு வேணும்."

"எதுக்கு?"

சொன்னேன். மழைத்தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்தில் நான்கு பேர் நான்கு பக்கம் முதுகைக் காட்டி நின்று கம்பளியை விரித்துப் பிடித்தால் ஒரு அறை. ஒருத்தி உள்ளே. அவ்வளவுதான் யோசனை. மூன்றாம் வகுப்புப் படிப்புக்கு இதுவே அதிகம்.

அவள் சிரிக்கவில்லை. அந்த வாய் சிரிக்காமல் நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"முப்பது வருஷமா இதத் தலையில போட்டுக்கிட்டு இருக்கேன்டி" என்றாள். "தலைக்குள்ள போகலயே."

எட்டு மணிக்கு நான் மேலே ஏறினேன். பீப்பாயில் மொண்டு ஒரு கோப்பை குடித்தேன். தார் வாசம் அடித்தது. இரண்டாவது குடித்தேன். மூன்றாவது கோப்பையில் கங்காணி கேட்டார்:

"என்ன, புதுசா தாகம்?"

"மருந்தையா சொன்னாருங்க கங்காணி."

திரும்பி வந்து வேலை செய்தேன். ஒன்பதரைக்கெல்லாம் உடம்பு என்னைக் கூப்பிட்டது. நான் மூன்று பேரைக் கூப்பிட்டேன். நாலாவதாக ஒருத்தி தானாக வந்தாள். கானுக்குப் பக்கத்தில் கம்பளிகளை விரித்தார்கள். நான் உள்ளே கால் வைக்குமுன் விசில் ஊதிற்று.

"ஏய்! என்னடி கூட்டம் அங்க? கம்பிளி எப்பிடி வந்துச்சு? எங்க போறீங்க?"

மலை முழுவதும் நிமிர்ந்து பார்த்தது. கடைசி லயத்து அக்காகூட வாயைத் திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் பேசுகிறவளுக்கும் அந்த ஒரு வார்த்தை வரவில்லை. மதினி நாளைக்கு இந்த இடத்தில் நிற்பாள் என்பது மட்டும்தான் மண்டையில் இருந்தது.

"ஒண்ணுக்குப் போறோம் கங்காணி!"

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

கங்காணி குடையை எங்கள் பக்கமாகச் சாய்த்து, அதற்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டார். எத்தனையோ வருஷமாகப் பிடித்த குடை. அன்றைக்குத்தான் அதனால் அடுத்தவருக்கு ஒரு உபயோகம் ஏற்பட்டது.

முதலில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு மலையே சிரித்தது. அடுத்த ஒரு மணி நேரத்தில் பீப்பாய்க்கும் கானுக்குமாக ஒரு நடைபாதையே விழுந்துவிட்டது. பெண்கள் குடித்தார்கள், மூக்கில் ஏறக் குடித்தார்கள், ஒருவர் தலையில் ஒருவர் தெளித்தார்கள். கங்காணி குடைக்குப் பின்னாலிருந்து, "கையப் போடு, கையப் போடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார், யாரையும் பார்க்காமல்.

மூன்று மணிக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. கம்பளியை மடிக்க நேரமில்லை. உள்ளே ஒருத்தி இருந்தாள். சின்னதுரை பாறைக்கு வந்து, நான்கு பெண்கள் நான்கு பக்கம் பார்த்து, கம்பளியைக் கையில் விரித்தபடி சிலை மாதிரி நிற்பதைப் பார்த்தார்.

"கங்காணி! என்ன அது?"

கங்காணிக்கு அந்த வார்த்தையைத் துரையிடம் சொல்ல நாக்கு எழவில்லை. வியர்வையில் கோட்டு நனைந்திருக்கும்.

"சாமி கும்பிடுறாங்க தொரை" என்றார். "மழைக்கு."

சின்னதுரை தலையிலிருந்து தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். உரிந்த பிடரியில் வெயில் விழ, தலையைக் குனிந்து அப்படியே நின்றார், உள்ளே இருந்தவள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வரும் வரைக்கும். கம்பளியைப் பிடித்திருந்த எங்கள் நான்கு பேருக்கும் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

"சாமிக்குக் கம்பிளி வேணும்?" என்று கேட்டார். எங்கள் தேவையைப் பற்றி அவர் கேட்டு நான் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"வேணும் தொரை. மழை வர்ற வரைக்கும் வேணும்" என்றார் கங்காணி.

"சரி. போடு."

கங்காணி எங்களைக் காப்பாற்றினார் என்று சிலர் பிற்காலத்தில் சொன்னார்கள். அவர் காப்பாற்றியது தன் வாயை. ஆனாலும் கம்பளி திரும்பி வந்தது. தலையிலும் போட்டோம், சாமிக்கும் பிடித்தோம்.

மறுநாள் மதினி வந்தாள். விஷயத்தைக் கேட்டு, வெட்கத்தில் முதலில் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஐயோ, மலையெல்லாம் கேக்கவா கத்துன? ஒனக்கு யாருடி மாப்புள குடுப்பான்?"

"அத அப்பறம் பாப்போம். குடிங்க."

மணிக்கு ஒரு கோப்பை நானே கொண்டுவந்து கொடுத்தேன். திட்டிக்கொண்டே குடித்தாள். கம்பளியின் ஒரு பக்கத்தை ஒவ்வொரு தடவையும் நான்தான் பிடித்தேன். அந்த ஒரு வேலையை வேறு யாரிடமும் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. பங்குனி போய்ச் சித்திரையில் மழை விழும் வரைக்கும் அப்படி ஓடிற்று. பிறகு யாரும் விழவில்லை. மழை விழுந்த அன்றைக்குச் சின்னதுரை எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஆனி மாதத்து ஈரத்தில் பெண் பிள்ளை பிறந்தது. கறுப்பாக, சின்னதாக, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தது. தங்கிற்று.

மருந்தையா வந்து பார்த்துவிட்டு, "நான் சொன்ன உப்பு!" என்றார். கங்காணி, தன் மலையில் கண்டிப்பு இருந்ததால்தான் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று பெரட்டில் சொன்னார். அண்ணன் முனி கோயிலில் சேவலை அறுத்து, நேர்த்திக்கடன் பலித்தது என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். நானும் மதினியும் ஒன்றும் சொல்லவில்லை. குழம்பை ஊற்றிச் சோறு தின்றோம். கறி நன்றாகத்தான் இருந்தது.

"உப்புக் கொஞ்சம் கொறச்சல்" என்றாள் மதினி. சொல்லிவிட்டு, பக்கத்தில் வைத்திருந்த சொம்பைத் தூக்கி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அண்ணாந்து குடித்தாள்.